துறவிக்குச் சர்க்கரைப் பொங்கலா?



சனவரி மாதம் 17-ஆம் நாள் வனத்து அந்தோனியார் திருநாள். தை பிறந்து இரண்டு மூன்று நாட்களே ஆகியிருக்கும். நம் நாட்டுப்புறப் பங்குகள் பலவற்றில் அன்று மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, கோவில் வாசலுக்கு ஓட்டி வருவார்கள். குருவானவர் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். பெண்கள் கோவில் முற்றத்தில் கல் கூட்டி அடுப்பு மூட்டிப் புதுப்பானையில் பொங்கல் பொங்குவார்கள். பட்டணத்துக்குக் குடிவந்து அபிராமபுரத்து மாடிவீடுகளில் வாழும் நம் குடும்பங்களிலும், அந்த நாளில் ஊரை நினைத்துக்கொண்டு குக்கரிலாவது ஓர் ஆழாக்குச் சர்க்கரைப் பொங்கல் வைப்பவர்கள் உண்டு.

இதைக் குறித்து ஓர் இளைஞன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். “சுவாமி, அந்த அந்தோனியார் யார்? எகிப்து தேசத்து வனாந்தரத்தில் ரொட்டியும் உப்பும் தண்ணீருமே ஆகாரமாகக் கொண்டு தபசு செய்தவர். ஆயுசெல்லாம் பசித்திருந்தவர் பெயரைச் சொல்லி நாம் நெய்யொழுகப் பொங்கித் தின்பது அவருக்குச் செய்யும் மரியாதையா, கேலியா?”

நல்ல கேள்வி. வாய்க்கு வந்த ஏதோ ஒரு பதிலைச் சொல்லி அவனை அனுப்பிவிடக் கூடாத கேள்வி. ஏனெனில் இது ஒரு பானைப் பொங்கலோடு நின்றுவிடுகிற விஷயமன்று. திண்டுக்கல் முத்தழகுபட்டியில் ஆகஸ்ட் மாதத்தில் நடக்கும் அர்ச். செபஸ்தியார் திருநாளை எண்ணிப் பாருங்கள். நேர்ச்சையாக ஆடுகளும் கோழிகளும் அரிசி மூட்டைகளும் காய்கறிகளும் வந்து குவிகின்றன. இராமுழுதும் சமையல் நடக்கிறது. ஜாதி மதம் பாராமல் வந்தவர்களுக்கெல்லாம் சோறும் கறியும் கிடைக்கின்றன. தூத்துக்குடிச் சீமையில் புளியம்பட்டி அந்தோனியார் திருத்தலத்தில் அசனம் என்னும் பொதுவிருந்து திருநாளின் ஓர் அங்கமாகவே இருக்கிறது. மலையாள நாட்டிலோ மார்ச் 19-இல் அர்ச். சூசையப்பர் பெயரால் ஊட்டு நேர்ச்சை நடத்துகிறார்கள். அதுவும் தபசு காலத்தின் நடுவில்! அம்பு தைத்து இரத்தம் சிந்திய வேதசாட்சிக்கு ஆட்டுக்கறி. நாசரேத்தூரில் கைவேலை செய்து பிழைத்த தச்சருக்குப் பந்தி போஜனம். இளைஞனின் கேள்வி இவை எல்லாவற்றின் மேலும் விழுகிறது.

இந்தக் கேள்விக்கு இரண்டு சுலபமான விடைகள் உண்டு. இரண்டும் தவறு என்பதே என் எண்ணம்.

முதல் விடை: “விருந்தை நிறுத்துங்கள், அந்தப் பணத்தை ஏழைகளுக்குக் கொடுங்கள்.” கேட்பதற்கு எவ்வளவு பக்தியாக இருக்கிறது! ஆனால் இதே வார்த்தையை முன்பு ஒருவன் சொல்லியிருக்கிறான். பெத்தானியா ஊரில் மரியம்மாள் விலையுயர்ந்த பரிமளத் தைலத்தைச் சேசுநாதருடைய பாதங்களில் ஊற்றினபோது, இதை விற்றுத் தரித்திரருக்குக் கொடுத்திருக்கலாமே என்று முறுமுறுத்தவன் யூதாஸ். தரித்திரர்மேல் அவனுக்கு அக்கறை இருந்ததில்லை என்று அர்ச். அருளப்பர் தம் சுவிசேஷத்தில் எழுதி வைத்திருக்கிறார். நிற்க, வேறொன்றும் யோசியுங்கள். ஏழைக்கு அரிசி வேண்டும், மருந்து வேண்டும் என்று நாம் ஒத்துக்கொள்ளுகிறோம். அவனுக்குத் திருநாளும் வேண்டும் என்பதை ஏனோ மறந்துவிடுகிறோம். உள்ளவனுக்குத் தித்திப்பு, இல்லாதவனுக்குக் கஞ்சி மட்டும் போதும் என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு யார் அதிகாரம் தந்தார்? திருநாளை எடுத்துவிட்டால், மற்றெந்த நாளும் இலை போட்டுச் சாப்பிடாதவனுடைய ஒரு நாளையும் சேர்த்தல்லவா எடுத்துவிடுகிறோம்!

நம் அர்ச்சியசிஷ்டவர்களும் திருநாளைப் பகைத்தவர்கள் அல்லர். ஐந்து காயம் பெற்ற அசிசி பிரான்சிஸ்குவை விடத் தரித்திரத்தை நேசித்தவர் யார்? சேசுநாதர் பிறந்த திருநாள் ஒரு முறை வெள்ளிக்கிழமையில் வந்தபோது சுத்தபோசனம் அனுசரிக்க வேண்டுமா என்று ஒரு சகோதரர் கேட்டாராம். அப்படிப்பட்ட நாளில் சுவர்கள்கூட இறைச்சி உண்ண வேண்டும் என்ற கருத்தில் அவர் மறுமொழி சொன்னதாக அவருடைய பழைய சரித்திரத்தில் காண்கிறோம். செல்வர்கள் அன்று ஏழைகளுக்கு வயிறார அன்னமிட வேண்டும், மாட்டுக்கும் கழுதைக்கும் வழக்கத்தைவிட அதிகத் தீனி போட வேண்டும் என்றும் அவர் ஆசைப்பட்டார்.

இரண்டாவது விடை இதற்கு நேர் எதிரானது: “சர்வேசுரன் படைத்ததெல்லாம் நல்லதுதானே, திருநாளில் சாப்பிடுவதற்கு என்ன கணக்கு?” சர்வேசுரன் படைத்தது நல்லதே, அதை நாம் உண்ணுகிற விதத்திலேதான் தோஷம் வருகிறது. 6-ஆம் நூற்றாண்டின் முடிவில் பாப்பரசராயிருந்த பெரிய அர்ச். கிரகோரியார் போசனப்பிரியம் ஐந்து வழியாய் நம்மைப் பிடிக்கிறது என்று விவரித்தார்: நேரத்துக்கு முந்தி உண்பது, விலையுயர்ந்ததையே தேடுவது, அளவுக்கு மிஞ்சி உண்பது, ஆவலாதியாய் விழுங்குவது, பக்குவத்தில் குற்றங்கண்டு நுணுக்கம் பார்ப்பது. அக்குவினோ அர்ச். தோமாசாரும் இந்த ஐந்தையும் ஏற்று விளக்கியிருக்கிறார். ருசியாக இருப்பது பாவம் என்று இருவருமே சொல்லவில்லை. ஆனால் திருநாள் அன்று நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இந்த ஐந்தில் எத்தனை ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று ஒவ்வொருவரும் தம் மனச்சாட்சியைக் கேட்டுக்கொள்ளட்டும். கைப்பேசியில் விரல் வைத்தால் நான்கு கடையிலிருந்து நான்கு பிரியாணி வந்து இறங்குகிற காலம் இது. அர்ச்சியசிஷ்டவருடைய பெயர் அந்தப் பொட்டலங்களில் எங்கே ஒட்டியிருக்கிறது என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

அப்படியானால் சரியான விடை எது? அதை வனத்து அந்தோனியாரிடமே கேட்போம். அவரை நேரில் அறிந்த அர்ச். அத்தனாசியார் அவருடைய சரித்திரத்தை எழுதி வைத்திருக்கிறார். ஏறக்குறைய 251-இல் பிறந்து 356-இல் மரித்த அந்தோனியார், உட்புற வனாந்தரத்தில் ஒரு மலையடியில் குடியேறினார். தமக்கு ரொட்டி கொண்டுவருகிறவர்கள் கஷ்டப்படுகிறார்களே என்று மண்வெட்டியும் கோடாரியும் கொஞ்சம் தானியமும் வரவழைத்து, தாமே உழுது விதைத்து ரொட்டி சுட்டுக்கொண்டார். இதுவரை எல்லோருக்கும் தெரியும். அதன்பின் நடந்ததைக் கவனியுங்கள். அவரைத் தேடி ஜனங்கள் வரத் தொடங்கியதும், அவர் ஒரு சிறு காய்கறித் தோட்டம் போட்டார். தமக்காக அல்ல, அந்தக் கடினமான வழியில் களைத்து வருகிறவர்கள் கொஞ்சம் ஆறுதலாய்ச் சாப்பிடட்டும் என்பதற்காக.

பிரியமானவர்களே, இளைஞனுடைய கேள்விக்கு விடை அந்தக் காய்கறிப் பாத்தியில் முளைத்திருக்கிறது. தம் இலையில் உப்பும் ரொட்டியும். வருகிறவன் இலையில் காய்கறி. அந்த ஒருசந்தியும் அந்த உபசாரமும் ஒரே வேரில் முளைத்தவை. “என் முன் இருக்கிற ஆகாரம் எனக்கென்று மட்டும் கொடுக்கப்பட்டதல்ல” என்பதே அந்த வேர். அதே எகிப்து தேசத்துத் துறவிகள், விருந்தாளி வந்தால் தங்கள் ஒருசந்தியை முறித்து அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று கசியான் என்னும் பழைய ஆசிரியர் எழுதியிருக்கிறார். நாளைக்கும் பசித்திருக்கலாம், நாளைக்கு இந்த மனிதன் போய்விடுவானே என்பது அவர்கள் நியாயம்.

நம் தமிழ்மொழியும் இதையே சொல்லுகிறது. ‘விருந்து’ என்றால் இன்று நாம் வடையும் பாயசமும் என்று எண்ணுகிறோம். அந்தச் சொல்லின் பழைய பொருள் புதுமை என்பதாம். பிறகு வீட்டுக்குப் புதிதாய் வந்தவரைக் குறித்தது. அவருக்காகச் சமைத்த சாப்பாட்டைக் குறித்தது அதற்கும் பின்னால்தான். மயிலாப்பூரில் பிறந்தவர் என்று பரம்பரையாகச் சொல்லப்படும் திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கென்று ஓர் அதிகாரமே எழுதினாரென்றால், அதில் பேசப்படுவது வந்தவரைப் பேணுவதைப் பற்றி. ஆகையால் நம் முன்னோர் சொல்வழக்கின்படி பார்த்தால், புதிதாய் ஒருவரும் வராத சாப்பாடு எத்தனை பதார்த்தம் இருந்தாலும் விருந்து ஆகாது. நம் அயலாராகிய மயிலாப்பூர்வாசிகள் பங்குனி மாதத்து அறுபத்துமூவர் திருவிழாவன்று வீதியில் நின்று நீர்மோரும் பானகமும் அன்னமும் கொடுக்கிறதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். வாங்கிக் குடிக்கிறவனை நீ யார், எந்த ஊர் என்று அவர்கள் விசாரிப்பதில்லை.

இங்கே இன்னும் ஒரு படி போக வேண்டும். ஏழைக்கு உணவு கொடுப்பது ஒன்று. ஏழையோடு உண்பது மற்றொன்று. முதலாவது புண்ணியந்தான், அதை ஒருவரும் குறைவாய் எண்ண வேண்டாம். ஆனால் கொடுக்கிறபோது கொடுக்கிறவன் கை மேலே இருக்கிறது, வாங்குகிறவன் கை கீழே இருக்கிறது. ஒரே பந்தியில் உட்கார்ந்துவிட்டாலோ இருவர் கையும் இலையில்தான் இருக்கிறது. அசனத்தின் மகிமை இதுவே.

அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபத்தில் மிகக் கோபமாய்ப் பேசுகிற இடம் எது தெரியுமா? ஆண்டவருடைய இராப்போசனத்துக்குக் கூடிவந்தவர்களில் வசதியுள்ளவன் தன் சாப்பாட்டை முந்தித் தின்றுவிடுகிறான், இல்லாதவன் பசியோடு பார்த்துக்கொண்டிருக்கிறான். நீங்கள் சர்வேசுரனுடைய சபையையே அவமதிக்கிறீர்கள் என்று கடிந்துகொள்ளுகிறார். திவ்விய நற்கருணையைப் பற்றி அவர் சொல்லும் பெரிய உபதேசம் இந்தச் சாப்பாட்டுச் சண்டையின் நடுவில் வருகிறது. பலிபீடத்தையும் பந்தியையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை.

நம் தமிழ்நாட்டில் நாம் பிரித்தோம். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்துத் திருக்குடும்பக் கோவில் 1872-இல் எழும்பியபோது, ஜாதிக்கொரு பக்கமாக ஜனங்கள் பிரிந்து நின்று பூசை காணும்படி இரண்டு கால் விரித்தாற்போலக் கட்டப்பட்டது. ‘கால்சட்டைக் கோவில்’ என்றே அதற்குப் பெயர் வந்தது. 1910-இல் கௌசானல் சுவாமியார் நடுவிலிருந்த தடுப்பை இடித்தார். அதற்காக வழக்கும் கலகமும் நடந்தன. கல்லால் கட்டின சுவர் அன்று விழுந்தது. இலையிலும் தம்ளரிலும் கட்டின சுவர் எல்லா இடத்திலும் விழுந்துவிட்டதா என்பதை நாம் நேர்மையாய்க் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அபிராமபுரத்து வீடுகளையே எடுத்துக்கொள்ளுவோம். திருநாளன்று நூறு பாத்திரம் தேய்க்கிற அம்மாள் ஒருத்தி இருக்கிறாள். காலை ஐந்து மணிக்கே வந்து மாவரைத்துக் கொடுக்கிறவள் இருக்கிறாள். வாசலில் நாற்காலி போட்டு இரவெல்லாம் விழித்திருக்கிற காவற்காரர் இருக்கிறார். இவர்களுக்கு நாம் சாப்பாடு கொடுக்கிறோம். எப்போது? எல்லோரும் சாப்பிட்டான பிறகு. எங்கே? பின்கட்டில், மாடிப்படி அடியில். எதில்? அவர்களுக்கென்று ஒதுக்கி வைத்த தட்டில். இந்தத் தட்டைப் பற்றி ஒருவரும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லக் காணோம். நம் மேசையில் இருக்கும் சோறும் அவர்கள் கையில் இருக்கும் சோறும் ஒரே பானைச் சோறு. இருந்தும் ஒன்று விருந்து, மற்றொன்று மிச்சம். எந்த அர்ச்சியசிஷ்டவருடைய பெயரால் அந்தப் பானை அடுப்பில் ஏறியதோ, அவர் அன்று நம் வீட்டுக்கு வந்தால் எந்தப் பக்கம் போய் உட்காருவார்?

இதற்கு உலகத்தில் பல இடங்களில் நம் சகோதரர்கள் அழகான வழி கண்டிருக்கிறார்கள். இத்தாலியா தேசத்தின் சிசிலித் தீவில் அர்ச். சூசையப்பர் திருநாளன்று பெரிய மேசை ஒன்றை அலங்கரிப்பார்கள். தபசு காலமானதால் அதில் இறைச்சி இராது. பலவித ரொட்டி, பயறு, காய்கறி, மீன், தித்திப்பு இருக்கும். ரொட்டித் தூளைத் தூவிய பதார்த்தமும் உண்டு. அந்தத் தூள் தச்சுப்பட்டறையின் மரத்தூளுக்கு அடையாளமாம். ஆனால் வீட்டார் முதலில் உட்காருவதில்லை. ஏழைகளை அழைத்துச் சேசு மரி சூசையாக மேசையின் தலைமாட்டில் உட்காரவைத்து, அவர்கள் உண்ட பிறகே மற்றவர்கள் உண்ணத் தொடங்குவார்கள். மங்களூர்க் கத்தோலிக்கர் செப்டம்பர் 8-இல் தேவமாதா பிறந்த திருநாளுக்குப் புதுநெல்லை மந்திரித்து வீட்டுக்குக் கொண்டுபோய், அந்தப் புது அரிசியைப் பாலில் கலந்து குடும்பமாய் உட்கார்ந்து உண்பார்கள். தூரதேசத்தில் இருக்கும் பிள்ளைக்கும் அதில் ஒரு பங்கு எடுத்துவைத்து அனுப்புவார்கள். பழைய ஏற்பாட்டிலும் நெகேமியா காலத்தில், வேதத்தைக் கேட்டு அழுத ஜனங்களைப் பார்த்து, போய்க் கொழுமையானதை உண்டு மதுரமானதைக் குடியுங்கள் என்று சொன்ன அதே வாயால், ஒன்றும் இல்லாதவனுக்குப் பங்கு அனுப்புங்கள் என்றும் சொல்லப்பட்டது. உண்பதும் அனுப்புவதும் ஒரே கட்டளை.

ஆகையால், உங்கள் திருநாள் சமையலை நிறுத்தச் சொல்லி நான் எழுதவில்லை. அதைச் சரியாய்ச் செய்யுங்கள் என்றே எழுதுகிறேன். ஜூலை 3-இல் தோமையார் திருநாளானாலும், ஜூன் 13-இல் பதுவை அந்தோனியார் திருநாளானாலும், உங்கள் பிள்ளைகளின் நாமகரண அர்ச்சியசிஷ்டவர் திருநாளானாலும் நான்கு காரியங்களை மனத்தில் வையுங்கள்.

ஒன்று: திருநாளுக்கு முந்தின நாள் ஒரு வேளையாவது ஒருசந்தியாயிருங்கள். பழங்காலத்தில் சில பெரிய திருநாட்களின் முந்தின நாள் திருச்சபைச் சட்டப்படியே ஒருசந்தி நாளாயிருந்தது. 1966-இல் ஆறாம் சின்னப்பர் பாப்பரசர் சட்டத்தை மாற்றியமைத்தபின், விபூதிப் புதனும் பெரிய வெள்ளியுமே கட்டாயமான ஒருசந்தி நாட்கள். கட்டாயம் போனது, பிரயோசனம் போகவில்லை. அந்த ஒரு வேளைச் செலவை மறுநாள் வருகிற புதியவருடைய இலைக்கென்று எடுத்துவையுங்கள்.

இரண்டு: கடன் வாங்கித் திருநாள் கொண்டாடாதீர்கள். வட்டிக்கு வாங்கி ஆடு அடிக்கும்படி எந்த அர்ச்சியசிஷ்டவரும் கேட்கவில்லை. காணிக்கை ஆடு கொண்டுவர முடியாதவன், கையில் ஒன்றும் இல்லாமல் வந்து உட்காருவதற்காகத்தானே அசனம் ஏற்பட்டது!

மூன்று: சமைக்கிறவர்களைப் பூசைக்கு அனுப்புங்கள். ஆண்கள் முன்வரிசையில் நின்று பாடுகிறார்கள். வீட்டில் தாய் அடுப்படியில் நின்று வியர்க்கிறாள். மார்த்தம்மாளைக் கடிந்த சேசுநாதர், அவளுக்கு உதவி செய்யாமல் உட்கார்ந்திருந்த ஆண்பிள்ளைகளைப் புகழ்ந்ததாகச் சுவிசேஷத்தில் எங்கும் இல்லை. தேங்காய் துருவவும் இலை போடவும் ஆண்களுக்கும் கை இருக்கிறது.

நான்கு: தனக்கென்று இலை போட முடியாத ஒருவரையாவது அழைத்து, உங்கள் பந்தியில், உங்கள் பக்கத்தில், உங்கள் தட்டைப் போன்ற தட்டில் சாப்பிடச் செய்யுங்கள். அனுப்பிவைக்கிற பொட்டலம் இதற்கு ஈடாகாது. அழைத்தும் கூச்சத்தால் அவர் வரவில்லையானால், நீங்கள் அவர் இருக்கிற இடத்துக்கு எடுத்துப்போய் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

வனத்து அந்தோனியார் பொங்கலுக்கு அளவு கேட்கிற இளந்தாய்மார்களுக்காக இங்கே குறித்துவிடுகிறேன். பச்சரிசி 1 கிலோ, பாசிப்பருப்பு 250 கிராம், வெல்லம் ஒன்றே முக்கால் கிலோ, நெய் 300 கிராம், முந்திரியும் திராட்சையும் 100 கிராம் வீதம், ஏலக்காய் பத்து. பருப்பை வாசனை வருமட்டும் வெறும் சட்டியில் வறுத்துக்கொள்ளுங்கள். 1 லிட்டர் பாலும் 5 லிட்டர் தண்ணீரும் பொங்கி வரும்போது, களைந்த அரிசியையும் பருப்பையும் போட்டுக் குழைய வேகவிடுங்கள். வெல்லத்தைத் தனியே சிறிது தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவைத்து வடிகட்டி ஊற்றிக் கிளறுங்கள். முந்திரி, திராட்சையை நெய்யில் வறுத்துக் கொட்டி, ஏலப்பொடி தூவி இறக்குங்கள். ஒன்றைமட்டும் மறவாதீர்கள்: அரிசி நன்றாய் வேகுமுன் வெல்லத்தை ஊற்றினால் அரிசி விறைத்துப்போகும், பிறகு எத்தனை நேரம் அடுப்பில் வைத்தாலும் குழையாது. முந்தின நாள் ஒருசந்தி எதற்கென்று பிள்ளைகள் கேட்டால் இந்தப் பானையைக் காட்டுங்கள். வேக வேண்டியது முதலில் வேக வேண்டும். தித்திப்பு அதற்குப் பிறகு.

இந்த அளவுக்கு ஏறக்குறைய நாற்பது தொன்னை வரும். உங்கள் வீட்டில் நான்கு பேர்தானே, இவ்வளவு எதற்கு என்று கேட்கிறீர்களா? மீதி முப்பத்தாறு பேர் யார் என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். அந்த எண்ணிக்கை முடிந்தால், துறவிக்குச் சர்க்கரைப் பொங்கலா என்று கேட்ட இளைஞனுக்கு நீங்களே விடை சொல்லிவிடுவீர்கள்.

சர்வேசுரன் உங்கள் அடுப்பையும் பானையையும், அதைச் சுற்றி உட்காருகிற எல்லோரையும் ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குக் குரு